பண்ணை முற்றத்துப் பெட்ரோல் பம்புகள்

செப்டம்பர் 28. ஏம்ஸ், அயோவா

அயோவா மாநிலத்தின் கிராமப் பாதைகள், 1785-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நில அளவைச் சட்டத்தை அனுசரித்து, வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் மைலுக்கு ஒன்றாகக் கட்டம் கட்டமாகப் போடப்பட்டவை. சரளைக்கல் பரப்பிய இந்தப் பாதைகளில் நிதானமாகப் போகிறவனுக்கு, முற்றி நிற்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் மஞ்சள் பாய்ந்த சோயாக் காட்டுக்கும் நடுவே, மரங்கள் சூழ்ந்த பண்ணை வீடு ஒன்றும், அதன் பின்னால் வர்ணம் உதிர்ந்த மரக் கொட்டகையும், கொட்டகை ஓரத்தில் புல் மூடிக் கிடக்கும் பழைய யந்திரங்களும் அடிக்கடி தென்படுகின்றன. மகள் இவ்வூர்ச் சர்வகலாசாலையில் வேலை பார்ப்பதால் இலையுதிர் காலத்தை இங்கே கழிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது. நயாகரா பார்த்தாயிற்றா, நியூயார்க் பார்த்தாயிற்றா என்று ஊரிலிருந்து விசாரிக்கிறார்கள். எனக்கோ இந்தக் கொட்டகை ஓரங்களைக் காமிராவோடு சுற்றிப் பார்த்து மாளவில்லை.

இன்று கண்டது ஒரு பெட்ரோல் பம்பு. சாலையோரத்து விற்பனை நிலையத்தில் அல்ல, ஒரு குடியானவரின் முற்றத்தில், தானியக் கிடங்குக்கும் காற்றாடிக் கோபுரத்துக்கும் இடையே ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. சிவப்பு எனாமல் வெயிலில் வெளிறியிருந்தது. ரப்பர் குழாய் வெடித்து உள்ளிருந்த கம்பி தெரிந்தது. முகப்புக் கண்ணாடிக்குள் குளவிகள் கூடு கட்டியிருந்தன. ஒரு காலன் விலையைக் காட்டும் சிறு ஜன்னலில் 31.9 சென்ட் என்று எண் நின்றுபோயிருந்தது. 1960-களின் நடுப்பகுதியில் இந்நாட்டில் பெட்ரோலின் சராசரி விலை ஏறத்தாழ அவ்வளவுதான். தம் வயலுக்கு மட்டும் எண்ணெய் இறைக்கும் பம்பில் விலை எதற்கு என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"ஊர்க் கடையில் புதிய பம்பு வைத்தபோது பழையதை என் தகப்பனார் வாங்கி வந்தார். அந்த விலை கடைக்காரர் வைத்தது, நாங்கள் தொடவில்லை. விலைக்குக் கேட்டுப் பலர் வந்தார்கள், ஐயா. கொடுக்க மனம் வரவில்லை" என்றார் அந்தப் பெரியவர்.

அவர் அனுமதியோடு பொழுது சாயும் வரை படம் எடுத்தேன்.

செப்டம்பர் 30

விடாத மழை. மகள் நூல்நிலையத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் பம்பு முதன்முதலில் மோட்டார் வண்டிக்காகப் பிறந்ததன்று, விளக்குக்காகப் பிறந்தது என்பது எனக்குப் புதிய செய்தி. 1885-ல் இண்டியானா மாநிலத்துப் போர்ட் வெய்ன் நகரத்தில் சில்வேனஸ் பௌசர் என்பவர், மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு மண்ணெண்ணெயை அளந்து ஊற்றுவதற்கென்று ஒரு பம்பைச் செய்து விற்றார். மோட்டார் வண்டிகள் பெருகியபோது அதே யுக்தி பெட்ரோலுக்கும் பயன்பட்டது. இந்த அயோவாவிலேயே, தோர் என்னும் சிற்றூரில் இரும்புச் சாமான் கடை நடத்திய ஜான் டோக்ஹைம், எளிதில் தீப்பற்றும் திரவத்தைக் கடைக்குள் பீப்பாயில் வைத்திருப்பதன் அபாயத்தை உணர்ந்து, தொட்டியை வெளியே மண்ணுக்குள் புதைத்து மேலே பம்பு நிறுவும் முறையை வகுத்தார். அவர் பெயர் தாங்கிய ஸ்தாபனம் பின்னாளில் போர்ட் வெய்னுக்கே குடிபோயிற்று.

ஆதியில் வந்த பம்புகளில் எவ்வளவு எண்ணெய் வருகிறது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது. விற்கிறவன் சொன்னதுதான் கணக்கு. நீர் கலந்ததா, அளவு குறைந்ததா என்ற சந்தேகம் வலுத்ததன் விளைவாகத்தான், 1920-களில் எங்கும் பரவிய கண்ணாடித் தலைப் பம்பு உண்டாயிற்று. நெடிய கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால், பூமிக்குள் இருக்கும் எண்ணெய் உச்சியிலுள்ள பெரிய கண்ணாடி உருளையில் ஏறி நிரம்பும். காலன் காலனாக அடையாளமிட்ட அந்த உருளையில் நிறத்தையும் அளவையும் எல்லோரும் பார்த்த பிறகே, அது தன் கனத்தினாலேயே குழாய் வழியே வண்டிக்குள் இறங்கும். வியாபாரத்தில் நாணயத்தை இப்படிக் கண்ணுக்குப் பிரத்தியட்சமாகத் தூக்கி நிறுத்திய சாதனம் வேறொன்றை நான் அறியேன். பத்தாண்டு கழித்து, அளவையும் விலையையும் பெருக்கித் தொகையைத் தானே காட்டும் பற்சக்கரக் கணக்கு யந்திரத்தோடு கூடிய பம்புகள் வந்தன. கண்ணாடி உருளை மறைந்தது.

அந்தக் கணக்கு யந்திரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. ஒரு காலனுக்கு 99.9 சென்டுக்கு மேற்பட்ட விலையை அதில் வைக்க இயலாது. 1979-லும் 1980-லும் விலை ஒரு டாலரைத் தாண்டியபோது, பல கடைக்காரர்கள் பாதி விலையைப் பம்பில் வைத்து, வந்த தொகையை இரட்டித்து வாங்கிச் சமாளித்தார்கள். யந்திரத்தைச் செய்தவர்கள் கனவிலும் கருதாத விலை அது.

அக்டோபர் 4

ஏம்ஸுக்குக் கிழக்கே, கோலோ என்ற ஊரில், லிங்கன் நெடுஞ்சாலையும் ஜெஃபர்ஸன் நெடுஞ்சாலையும் சந்தித்த முனையில், பழைய பெட்ரோல் நிலையமும் உணவுக் கடையும் தங்கும் விடுதியும் செம்மையாகப் புதுப்பித்து வைக்கப்பட்டிருக்கின்றன. 1913-ல் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை வகுக்கப்பட்ட லிங்கன் நெடுஞ்சாலை இவ்வழியே போனது என்பதை இவ்வட்டாரத்தார் மறக்கவில்லை. டாமா என்ற ஊரில், சாலையின் பெயரையே சிமென்ட் எழுத்துக்களாக வார்த்துக் கைப்பிடிச் சுவராக்கிய 1915-ஆம் ஆண்டுப் பாலம் இன்னும் இருக்கிறது.

கோலோவிலுள்ள பம்புகள் பளபளக்கின்றன. அவற்றைக் காத்தவர்கள் வந்தனத்துக்குரியவர்கள். ஆயினும் அங்கே எடுத்த படங்களை இரவு பார்த்தபோது, பெரியவரின் முற்றத்துப் பம்பு எனக்குச் சொன்னதில் பாதியைக் கூட இவை சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம். பெயின்ட் பூசிய பம்பு தான் பிறந்த நாளை மட்டும் காட்டுகிறது. பண்ணையில் நிற்பதோ, பிறந்தது முதல் யார் கைக்கு வந்தது, எந்த வருஷத்தில் உறங்கியது, எந்தப் பக்கத்து வெயிலில் வெளுத்தது என்பதையெல்லாம் தன் மேனியிலேயே வைத்திருக்கிறது.

அக்டோபர் 9

இன்றைய பண்ணை மறக்க முடியாதது. கொட்டகைக்குள் ஆணியில் குதிரைக் கழுத்துப் பட்டைகள் தொங்கின. தோல் உலர்ந்து வெடித்திருந்தது. அதே சுவரின் மறுபக்கத்தில், வெளியே, தலையிழந்த பம்பு ஒன்று நின்றது. குதிரைக் கொட்டடியும் பெட்ரோலும் ஒரு பலகையின் இரு புறமாக இருந்ததைப் பார்த்தபோதுதான், நான் இத்தனை நாளும் எதைப் படமெடுத்து வருகிறேன் என்பது துலங்கிற்று.

1920-க்கு முன்பின்னாக இந்நாட்டுப் பண்ணைகளில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இரண்டரைக் கோடி அளவில் இருந்தன. டிராக்டர்களோ இரண்டரை லட்சத்தை எட்டவில்லை. சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, அந்த மிருகங்களுக்கான ஓட்ஸும் வைக்கோலும் சோளமும் விளைவிக்கவே செலவாயிற்று. அதாவது, உழுகிற சக்தியைக் குடியானவன் தன் மண்ணிலேயே விளைவித்துக்கொண்டான். அந்த மிருகங்களின் எரு மறுபடியும் அந்த மண்ணுக்கே போயிற்று. 1892-ல் இதே அயோவாவில் ஜான் ஃப்ரோலிக் பெட்ரோல் எஞ்சினால் முன்னும் பின்னும் நகரும் டிராக்டரை உண்டாக்கினார். சார்லஸ் சிட்டியில் ஹார்ட், பார் என்ற இருவர் டிராக்டரை விற்பனைச் சரக்காக்கினார்கள். 1918-ல் ஜான் டியர் ஸ்தாபனம் வாட்டர்லூ நகரத்து எஞ்சின் தொழிற்சாலையை விலைக்கு வாங்கியது. 1950-க்குள் டிராக்டர்கள் முப்பது லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஓட்ஸ் விளைந்த நிலம் விற்பனைத் தானியத்துக்கு மாறியது. உழவின் சக்திக்கு மாதந்தோறும் எண்ணெய் வண்டியை எதிர்பார்க்கும் நிலையும் அதனோடு வந்தது. குதிரைகளைப் பராமரித்த மனிதர்களின் உடல் வருத்தம் குறைந்ததை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. பம்பு பண்ணைக்குள் வந்த நாளே அந்த மாறுதலின் நாள் என்றுதான் சொல்கிறேன்.

ஊரில் எங்கள் தோட்டத்துக் கமலை மாடுகள் தின்ற சோளத்தட்டு அதே தோட்டத்தில் விளைந்தது. ஆயில் எஞ்சின் வந்த பிறகு டீசலுக்குப் பீப்பாயோடு டவுனுக்குப் போகவேண்டியதாயிற்று. ஆகவே இங்கே யாரும் எனக்கு இதை விளக்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

பட்டைகளையும் பம்பையும் ஒரே படத்தில் கொண்டுவர, கொட்டகைக் கதவைத் திறந்து வைத்து, இருட்டுக்குள்ளிருந்து வெளிச்சத்தை நோக்கி எடுத்தேன்.

அக்டோபர் 12

மேகமூட்டம். இத்தகைய படங்களுக்கு இதுவே உத்தமமான நாள். உச்சி வெயிலில் எனாமல் பளிச்சிட்டு எழுத்துக்கள் மறைந்துவிடும். மூடிய வானத்தில் துருவின் நிறபேதங்கள் அத்தனையும் தெரியும். முகப்புக் கண்ணாடியில் வானம் பிரதிபலிக்காமலிருக்க, மகள் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, குளவி!" என்று அவள் எச்சரித்ததும் இன்று உண்டு.

இந்தத் துறையில் நான் குருவாகக் கருதுவது நெப்ராஸ்காவின் ரைட் மாரிஸை. 1910-ல் சென்ட்ரல் சிட்டியில் பிறந்த அவர், நாவலாசிரியர்; 1948-ல் வெளியிட்ட 'தி ஹோம் பிளேஸ்' என்ற நூலில் கதையையும் தம் மாமன் பண்ணையில் எடுத்த படங்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தார். அப்படங்களில் மனிதர் முகம் கிடையாது. தேய்ந்த நாற்காலியும் கழுவிய பாத்திரமும் கொட்டகைக் கதவும்தான். ஆனாலும் அங்கே வாழ்ந்தவர்களின் குணம் முழுவதும் அவற்றில் இருக்கிறது. அரசாங்கத்தின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக டோரதியா லாங்கும் வாக்கர் எவன்ஸும் ரஸ்ஸல் லீயும் 1930-களில் எடுத்த படங்கள் மக்களின் துயரத்தைக் காட்டின. இந்த அயோவாவில், 1936-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் விருந்தை நின்றுகொண்டே உண்ணும் ஏழைக் குழந்தைகளை லீ எடுத்த படத்தைப் பார்த்தவர் மறக்கமாட்டார். சாலையோரக் கட்டடங்களையே பல்லாண்டுகள் தேடித் தேடி எடுத்த ஜான் மார்கோலிஸின் வர்ணப் படங்கள் பதினோராயிரத்துக்கு மேல் காங்கிரஸ் நூலகத்தில் சேர்ந்திருக்கின்றன. யாரும் கட்டணமின்றி எடுத்தாளலாம். இது பெரிய தர்மம்.

அக்டோபர் 17

பண்ணை ஏலம் ஒன்றுக்குப் போயிருந்தோம். வயதான தம்பதிகள் டவுனுக்குக் குடிபோகிறார்கள். நிலம் பக்கத்துப் பெரிய பண்ணையோடு சேருகிறது. 1935-ல் இந்நாட்டில் 68 லட்சம் பண்ணைகள். இன்று 19 லட்சம். கலப்பைகளும் வைக்கோல் வாரிகளும் பழைய இரும்பு விலைக்குப் போயின. பம்புக்கு மட்டும் போட்டி பலமாக இருந்தது. வெளியூர் வியாபாரி ஒருவர் ஏலத்தில் எடுத்து, அங்கேயே அடிப்பீடத்தின் திருகுகளை அறுத்து, டிரெய்லரில் ஏற்றினார். எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று எழுதி வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். வாங்குகிறவர்கள் அதைக் கேட்பதில்லை என்றார்.

டவுன்களில் இவை முன்னமே போய்விட்டன. பூமிக்குள் கசியும் தொட்டிகளைப் பற்றி 1988-ல் மத்திய அரசாங்கம் விதித்த விதிகளின்படி, 1998 டிசம்பருக்குள் பழைய தொட்டிகளைச் சீர்ப்படுத்தவோ மூடவோ வேண்டியிருந்தது. சிறு நிலையங்கள் பலவற்றுக்கு அந்தச் செலவு தாங்கவில்லை. 1,100 காலனுக்கு மேற்படாத, விற்பனைக்கல்லாத பண்ணைத் தொட்டிகளுக்கு அவ்விதி இல்லை. கிராமத்து முற்றங்களில் இவை தப்பி நிற்பதற்கு அது ஒரு முக்கியமான காரணம். ஏலங்கள் நடக்கிற வேகத்தைப் பார்த்தால் இனி நெடுங்காலம் தப்பி நிற்கும் என்று நான் நம்பவில்லை.

ஆகையால், பிள்ளைகளைப் பார்க்க இந்நாட்டுக்கு வரும் தமிழ்ப் பெற்றோர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நீர்வீழ்ச்சிகளைப் பார்த்த பிறகு, ஒரு நாளாவது சரளைப் பாதைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். வாசலில் கூப்பிட்டு, வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்ட பின்பே உள்ளே கால் வையுங்கள். எதையும் நகர்த்தாமல், துடைக்காமல், அது நிற்கிறபடியே, சுற்றியுள்ள கொட்டகையும் வயலும் தெரிய எடுங்கள். அவர்கள் சொல்லும் கதையைக் கேட்டு, இடத்தையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு பிரதியை வீட்டுக்காரருக்கும், மற்றொன்றை அந்தக் கவுண்டியின் வரலாற்றுச் சங்கத்துக்கும் தவறாமல் அனுப்பிவையுங்கள்.