வலை உலர்த்தும் மணல்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்வோர் முட்டுக்காட்டுப் பாலத்தின்மேல் ஒரு கணம் இருபுறமும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவர். பாலத்தைத் தாண்டியதும் தாங்கள் ஏறத்தாழ ஒரு தீவுக்குள் நுழைந்துவிட்டோம் என்பதை அவர்கள் அறிவதில்லை. வடக்கே முகத்துவாரம், கிழக்கே வங்கக்கடல், மேற்கே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும், நடுவே நாடாப்போல் நீண்டு கிடக்கும் மணல்மேடு. பூகோள நூல் இதனைத் தீவு என்று சொல்லாது. ஆயினும் 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்து வந்தபோது, இங்கிருந்தோர் எத்திசையில் ஓடுவதென்று தெரியாமல் நின்றனர். அன்று அவர்கள் தீவினரே.

இத்தகைய மணல்மேட்டின்மீதுதான் என் பங்கும் இருக்கிறது. ஞாயிறுதோறும் இரண்டு திருப்பலிகள். காலை ஆறு மணித் திருப்பலிக்கு மீனவக் குடும்பங்கள் வருவார்கள். எட்டரை மணித் திருப்பலிக்குப் புதிய குடியிருப்புகளில் வாழ்வோர் வருவார்கள். பின்னவர்களுள் பலர் கழிக்கு அப்பால், பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள கணினி நிறுவனங்களில் பணிபுரிவோர். முன்னவர்க்கு நான் "சாமி", பின்னவர்க்கு "ஃபாதர்". ஒரே பீடம், ஒரே அப்பம். ஆயினும் இரு கூட்டத்தாரும் கோயில் வாசலில் ஒருவரையொருவர் கடந்து செல்வதோடு சரி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பங்குப் பேரவையில் ஒரு விண்ணப்பம் வந்தது. கோயிலுக்குக் கிழக்கே உள்ள மணல்வெளியில் வலைகளைப் பரப்புகிறார்கள், நெத்திலி காயவைக்கிறார்கள், காக்கையும் நாயும் திரிகின்றன, வாடை திருப்பலி நேரத்தில் உள்ளே வருகிறது, மகிழுந்துகளை நிறுத்த இடமில்லை. எனவே கம்பிவேலி அமைத்து, கல் பதித்து, மரக்கன்றுகள் நட்டு அழகுபடுத்தலாம்; செலவைத் தாங்களே ஏற்கிறோம் என்றார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வரைபடமும் கொண்டுவந்திருந்தார். அவர்களிடம் தீய எண்ணம் சிறிதும் இருந்ததாக நான் இன்றும் கருதவில்லை. இறைவனின் இல்லம் தூய்மையாக இருக்கவேண்டும் என்பதே அவர்களது விருப்பம். பேரவையில் மீனவர் மூவர் உறுப்பினர். கூட்டம் மாலை ஏழு மணிக்கு. விடியுமுன் கடலுக்குச் செல்ல வேண்டியவர்கள் வரவில்லை. அவர்கள் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கையொப்பமிட்டேன்.

வேலி எழுந்த மறுநாள், கூடை நிறைய நெத்திலியோடு ஒரு மூதாட்டி என் அறை வாசலில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "சாமி, கோயிலுக்கு வேலி போட்டீங்களா, இல்ல எங்களை வேலிக்கு வெளிய போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"பாட்டிம்மா, நிலம் மறைமாவட்டத்தின் பெயரில் இருக்கிறது. பத்திரம் இருக்கிறது" என்றேன்.

"பத்திரம் உங்ககிட்ட இருக்கட்டும் சாமி. எங்க மாமியார் இந்த மணல்லதான் கருவாடு காயப்போட்டாங்க. பாட்டுல ஒரு பங்கு எடுத்து வெச்சுத்தான் இந்தச் சுவரைக் கட்டினோம். அது எந்தப் பத்திரத்துல இருக்கு?"

நான் சொன்னதில் பிழையில்லை. சட்டம் என் பக்கமே இருந்தது. ஆயினும் அன்றிரவு கட்டளைச் செபம் சொல்லுகையில் நாபோத்தின் திராட்சைத் தோட்டம் நினைவுக்கு வந்தது. அக்கதையில் நாம் ஈசபேலின் கொடுமையையே நினைவில் வைத்திருக்கிறோம். தொடக்கத்தில் ஆகாபு நேர்மையாகத்தான் பேசினான்: அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்றான். தவறு விலையில் இல்லை. மூதாதையர் சொத்து என்ற சொல்லின் பொருள் அவனுக்கு எட்டவில்லை. தவறு அதில்தான் தொடங்கியது. எனக்கும் எட்டவில்லை.

ஆனால் அன்பு வாசகர்களே, இங்கே ஓர் எளிய உவமையைச் செய்துகொள்ளும் சோதனை உண்டு: புதிதாய் வந்தோர் ஆகாபு, பழங்குடியினர் நாபோத்து என்று. இந்தக் கரையின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. அருகிலுள்ள கோவளத்தில் 1720களில் ஐரோப்பாவின் ஆஸ்டெண்டு நகரத்து வணிகர்கள் பண்டகசாலை வைத்திருந்தனர். ஆற்காட்டு நவாபு கட்டிய கோட்டையை 1752இல் கிளைவு கைப்பற்றித் தகர்த்தார். அங்குள்ள கார்மேல் அன்னை ஆலயத்தை 1808இல் எழுப்பிய ஜான் டி மான்டி, சென்னையில் வணிகம் செய்தவர். அதே ஊரின் தர்காவில் அடங்கியிருக்கும் பெரியாரின் உடல் ஒரு பேழையில் கடல்வழி வந்து கரைசேர்ந்தது என்பது இசுலாமியச் சகோதரரின் நம்பிக்கை. கழியில் இடுப்பளவு நீரில் அமர்ந்து, வெறுங்கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைக் கேட்டால், மீனவரைக்கூடப் பின்னால் வந்தோர் என்பார்களோ என்னவோ. நானோ வந்தவாசிப் பக்கத்து வேளாண்குடியில் பிறந்தவன், நீச்சல்கூடத் தெரியாது. இக்கரையில் அலைகளைத் தவிர எல்லாரும் எப்போதோ வந்தவர்களே.

வளர்ச்சி என்ற சொல்லும் அப்படித்தான். முட்டுக்காட்டுப் படகுக்குழாம் 1984இல் வந்தது. தட்சிணசித்ரா 1996இல் வந்தது. 1998க்குப்பின் கிழக்குக் கடற்கரைச் சாலை விரிந்தது. பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005இல் முட்டுக்காட்டில் அமைந்தது. கோவளத்தில் 2013இல் அலைச்சறுக்கு விழா நடந்தது. 2021இல் அக்கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. இவற்றால் பிழைத்தோரும் உண்டு, இடம் இழந்தோரும் உண்டு. சில வீடுகளில் இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்கிறார்கள். என்னிடம் நியாயம் கேட்ட மூதாட்டியின் பேரன், குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்குக் கற்றுத்தந்துதான் வீட்டுக்குக் காங்கிரீட்டுக் கூரை போட்டான். வளர்ச்சி வேண்டாம் என்று அவனைச் சொல்லச் சொன்னால் சிரிப்பான். பழையவர் எல்லாரும் ஒரே குரலில் பேசுவதில்லை, புதியவரும் அப்படியே.

எனினும், ஒரு வேறுபாட்டை மறைத்துப் பேசுவது உண்மையாகாது. 1991இல் நடுவண் அரசு முதன்முதலாகக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பை வெளியிட்டது. ஊர்ப்புறக் கரைகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர்வரை புதுக் கட்டடம் கூடாது என்ற விதி 2011ஆம் ஆண்டு அறிவிப்பிலும் தொடர்ந்தது. 2019ஆம் ஆண்டு அறிவிப்போ, மக்கள் நெருக்கமுள்ள ஊர்ப்புறங்களில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. காகிதத்தில் இது ஓர் எண்ணின் மாற்றம். மீனவருக்கோ, படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் உரிய இடமே அந்த 150 மீட்டர்தான். புதியவருக்கு இந்த வீடு பிடிக்காவிட்டால் வேறு வீடு உண்டு. கடலை அடுத்தன்றி வாழத் தெரியாதவனுக்கு வேறு கரை இல்லை.

என் கண்களைத் திறந்தவர் எட்டரை மணித் திருப்பலிக்கு வரும் ஒரு சகோதரியே. நிலத்தடி நீரியல் பயின்றவர். வேலியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "ஃபாதர், கல் பதிக்கும் முன் கிணற்றைப் பார்த்தீர்களா?" என்றார். கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட மணல்மேட்டில், மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப்போல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்திற்குமேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும். ஆழ்துளைக் கிணறுகள் மிகுதியாக உறிஞ்சினாலும், மணலைக் கல்லால் மூடி மழையைத் தடுத்தாலும், வில்லை மெலியும்.

இதை அந்த மூதாட்டியிடம் எளிய சொற்களில் சொன்னேன். அவர் வியக்கவில்லை. "அதான் சாமி, எங்க கிணறு பங்குனியிலயே கரிக்க ஆரம்பிச்சிடுச்சு" என்றார். ஒருவர் பல்கலைக்கழகத்தில் கற்றதை மற்றவர் நாக்கில் அறிந்திருந்தார். அவ்விருவரும் பல ஆண்டுகளாக ஒரே கோயிலுக்கு வந்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பூவிருந்தவல்லிக் குருமடத்தில் இறையியல் பயின்ற நாட்களில், திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். தொடக்கத் திருச்சபையில் எழுந்த அந்தப் பூசலும், பழையோருக்கும் வெளியிலிருந்து வந்தோருக்கும் இடையிலானதே. கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டார்கள் என்ற முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் முறையிட்டோரைக் கடியவில்லை. இரண்டு திருச்சபைகளாகப் பிரிந்துகொள்ளச் சொல்லவும் இல்லை. எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலாவுவரை எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்களே. புறக்கணிக்கப்பட்டதாக முறையிட்ட தரப்பாரின் கையிலேயே பந்தி ஒப்படைக்கப்பட்டது என்று அதனை விளக்குவோர் உண்டு. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றேன், பங்கில் மறந்துபோனேன். எங்கள் பங்கில் புறக்கணிக்கப்பட்டோர் வந்தவர்கள் அல்லர், இருந்தவர்கள். அது ஒன்றே வேறுபாடு.

கடலுக்கு அப்பாலும் இதே கேள்விதான். இலங்கையின் மன்னார்த் தீவில் காற்றாலைகள் எழுந்தன. மேலும் எழுப்பத் திட்டமிட்டபோது, 2025 ஆகஸ்டில் தமிழ் மக்கள் குருக்களோடு தெருவில் நின்றனர். காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது தீமையன்று, உலகிற்குத் தேவையானதே. வெள்ளநீர் வடியும் வழியும், பறவைகளின் வருகையும், கடற்றொழிலும் என்னவாகும் என்று அவர்கள் கேட்டார்கள். திருத்தந்தை பிரான்சிசு 2015இல் எழுதிய சுற்றுமடலும், இத்தகைய உரையாடலில் அவ்விடத்து மக்களுக்குத் தனி இடம் உண்டு என்கிறது. எங்கள் பக்கத்திலும் 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே ஒரு நீர்த்தேக்கம் அறிவிக்கப்பட்டது. நகருக்குக் குடிநீர் வேண்டும் என்பதும் மெய். கழியில் உப்பும் நன்னீரும் கலந்தால்தான் இறால் பெருகும் என்பதும் மெய். எது முடிவாக வேண்டும் என்று சொல்லும் அறிவு எனக்கில்லை. முடிவெடுக்கும் கூட்டம் எந்த நேரத்தில் கூடுகிறது, வலைக்காரன் வரக்கூடிய நேரத்திலா என்று கேட்கமட்டும் கற்றுக்கொண்டேன்.

பேரவையை மறுபடி கூட்டினேன். இம்முறை மாலை நான்கு மணிக்கு, அந்த மணல்வெளியிலேயே. முதலில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அதன்பின் இரண்டு மணிநேரம் கடுமையான பேச்சு. முடிவில் கிழக்குப் பக்கத்து வேலியை அகற்றுவதென்றும், கல் பதிப்பதில்லை என்றும், சாலையோரம் ஒரு பகுதியை வண்டிகளுக்கு விடுவதென்றும், ஞாயிறு காலை பத்து மணிவரை கருவாடு பரப்புவதில்லை என்றும் ஒத்துக்கொண்டனர். மணல்வெளியின் பொறுப்பு மீனவப் பெண்கள் நால்வரிடமும் அந்த நீரியல் சகோதரியிடமும் தரப்பட்டது. வரைபடம் கொண்டுவந்த பொறியாளரே முன்னின்று, கூரை மழைநீரைக் கிணற்றருகே மணலுக்குள் இறக்கும் குழி அமைத்துக் கொடுத்தார்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். இரண்டு குடும்பங்கள் வேறு கோயிலுக்குப் போகின்றன. மீனவர் ஒருவர் இன்னும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கிணறு இன்னும் கோடையில் கரிக்கிறது.

சென்ற ஞாயிறு எட்டரை மணித் திருப்பலியில் காணிக்கைப் பவனி வந்தது. வழக்கமாகப் பழக்கூடை வரும். அன்று, ஆறு மணித் திருப்பலிக்கு வந்து வீடு திரும்பாமல் காத்திருந்த அந்த மூதாட்டி, நீரியல் சகோதரியின் சிறு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். குழந்தையின் கையில் ஓலைக்கொட்டானில் நெத்திலிக் கருவாடு. வாடை கோயில் முழுதும் பரவியது. முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் அதைப் பெற்று, அப்பத்திற்கும் இரசத்திற்கும் அருகே பீடத்தின் அடியில் வைத்தேன்.