நாரிப்பிடிப்பும் நாய்ச் சங்கிலியும்

முதுகுவலி பற்றி எழுதுவதற்கு நான் வைத்தியன் அல்லன். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகை அலுவலகக் கதிரைகளில் அமர்ந்திருந்தவன் என்ற தகுதி மாத்திரமே எனக்கு உண்டு. இனப்பிரச்சினையையும் தேர்தல்களையும் எழுதிக்கொண்டிருந்தவன் இப்போது நாரிவலியை எழுதத் தொடங்கிவிட்டான் என்று பழைய நண்பர்கள் சிலர் கேலி செய்யக்கூடும். செய்யட்டும். இந்த நாட்டு அரசியலை எழுதி எவருக்காவது சுகம் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. இதை எழுதினால் எங்கோ ஒரு நாட்டில், அதிகாலையில் நாயுடன் நடந்துவிட்டு நாரியைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் வாசகர் ஒருவருக்காவது பயன்படலாம்.

தமிழகத்து வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். முதுகின் அடிப்பகுதியை, இடுப்பை ஒட்டிய பாகத்தை, யாழ்ப்பாணத்தில் நாரி என்போம். நாரிப்பிடிப்பு எங்கள் வீடுகளில் தடிமன், காய்ச்சல் போன்று சர்வசாதாரணமான சொல். துலா மிதித்தவர்களுக்கும் புகையிலைத் தோட்டம் கொத்தியவர்களுக்கும் அது வந்தது. நல்லெண்ணெய் பூசி, நொச்சியிலை அவித்த வெந்நீரில் குளித்துவிட்டு அவர்கள் திரும்பவும் தோட்டத்துக்குப் போனார்கள். எனக்கோ அது ஒரு நாயினால் வந்தது என்று நீண்டகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

2022ஆம் ஆண்டில், பெற்றோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், எனது மகள் குடும்பத்துடன் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டாள். தளபாடங்களை விற்றாள், காரை விற்றாள், நாயை எங்களிடம் விட்டுச் சென்றாள். பிரவுணி என்று பெயர். சாதி நாயல்ல. தெருவோரத்தில் கிடந்த குட்டியை அவள் எடுத்து வளர்த்தது. எடை 22 கிலோ. நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில் தொடர்மாடியொன்றின் நான்காம் மாடி. முற்றமில்லாத வீட்டில் நாய் இருந்தால் காலையும் மாலையும் அதை வெளியே கொண்டுசெல்லத்தான் வேண்டும். இரவுப்பணி முடிந்து வீடு திரும்பும் வேளைகளில் மாத்திரம் சூரியோதயத்தைக் கண்டு பழகிய நான், எழுபதாவது வயதில், காலை ஐந்தரை மணிக்கு மரைன் டிரைவில் ஒரு நாயின் பின்னால் நடக்கத் தொடங்கினேன்.

பின்னால் என்பதை வேண்டுமென்றே எழுதுகின்றேன். நாய் இழுத்தது, நான் இழுபட்டேன். இரும்புச் சங்கிலியை வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்வது எனது வழக்கம். காகம் ஒன்று தண்டவாளத்தில் இறங்கினால் பிரவுணி பாயும். பாணந்துறையிலிருந்து கோட்டைக்கு வரும் ரயில் சத்தமிட்டால் அதற்கும் பாயும். ஒவ்வொரு தடவையும் எனது வலது தோள் முன்னே போகும், இடுப்பு பின்னே நிற்கும். காலில் இறப்பர்ச் செருப்பு. நாய் தன் காரியத்தை முடித்ததும், முழங்காலை மடிக்காமல் அப்படியே குனிந்து பழைய பத்திரிகைத் தாளினால் அதை அள்ளுவேன். நானே ஆசிரியத் தலையங்கம் எழுதிய பக்கமும் அவ்வாறு ஒருநாள் பயன்பட்டது. அதைவிட நேர்மையான விமர்சனம் எனது எழுத்துக்குக் கிடைத்ததில்லை.

2024 ஜனவரியில் ஒரு காலை. தண்டவாளத்தின் பக்கமிருந்து மூன்று தெருநாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. பிரவுணி ஒரு பக்கம் துள்ளியது, எதிரே வந்த முச்சக்கர வண்டிக்காக நான் மறுபக்கம் திரும்பினேன். நாரியில் ஏதோ அறுந்தது போன்று இருந்தது. நிமிர முடியவில்லை. ரயில் பாதையில் வேலைசெய்யும் சிங்களத் தொழிலாளி ஒருவர் ஓடிவந்து சங்கிலியை வாங்கிக்கொண்டு, மறுகையால் எனது முழங்கையைத் தாங்கி, "மெல்ல, மாத்தயா, மெல்ல" என்ற பொருளில் தனது மொழியில் சொல்லிக்கொண்டே வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தார். நூறு மீற்றர் தூரம். அதைக் கடக்க இருபது நிமிடங்களாவது சென்றிருக்கும்.

பத்து நாட்கள் படுக்கை. தனியார் வைத்தியசாலையொன்றில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். இடைத்தட்டுகள் தேய்ந்திருப்பதாகவும் இரண்டு இடங்களில் பிதுங்கியிருப்பதாகவும் அறிக்கை கூறியது. கடும் ஓய்வு எடுக்குமாறும், இடுப்புப்பட்டி அணியுமாறும், நாயுடன் நடப்பதை நிறுத்துமாறும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அந்த அறிக்கையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். செய்தியறையில் எத்தனையோ மரண அறிக்கைகளைத் திருத்தியிருக்கின்றேன். எனது முள்ளந்தண்டைப் பற்றிய அந்த ஒரு பக்கத்தை என்னால் நிதானமாக வாசிக்க முடியவில்லை.

"இஞ்சருங்கோ, இனி உந்த நாயோடை போற வேலையை விடுங்கோ. நாளைக்கு விழுந்து காலை முறிச்சால் ஆர் பாக்கிறது?" என்றார் மனைவி. நியாயமான கேள்விதான். எங்களிருவரையும் பார்க்க இங்கு ஒருவருமில்லை. வத்தளையில் வளவும் மதிலுமுள்ள வீட்டில் வசிக்கும் நண்பர் ஒருவர் பிரவுணியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மாத முடிவில் கொண்டுபோவதென்று தீர்மானித்தோம். தொலைபேசியில் மகளிடம் அதைக் கூறியபோது அவள் சில விநாடிகள் பேசவில்லை. "உங்கட சுகம்தானே முக்கியம், அப்பா" என்றாள். பேரன் அருகில் நின்று ஏதோ கேட்டான், அவள் பதில் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

நாயை அனுப்புவதற்கு முன்னர், அயல்வீட்டுக்காரரின் வற்புறுத்தலினால் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். எனது பேத்தியென்று சொல்லத்தக்க வயதுடைய பெண். கால்களில் பலவீனம் உண்டா, தொடையிடுக்கில் மரத்துப்போகின்றதா, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் உள்ளதா, காய்ச்சல் உண்டா, காரணமின்றி உடல் மெலிந்ததா என்றெல்லாம் முதலில் கேட்டார். இவற்றில் ஒன்றேனும் இருந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் போக வேண்டுமாம். எனக்கு எதுவும் இல்லை. பிறகு, நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் கதிரையில் இருக்கின்றேன் என்று கேட்டார். ஓய்வுபெற்ற பின்னரும் கணினி முன் எட்டு ஒன்பது மணிநேரம் என்றேன். அதற்கு முன்னர்? அதற்கு முன்னர் ஈய எழுத்துக் காலம். மங்கிய வெளிச்சத்தில் கூன்போட்டு ஒப்புநோக்கிய இரவுகள், ஊரடங்குச் சட்டத்தினால் வீடு செல்ல முடியாமல் ஆசிரியபீடத்து மேசைமீதே படுத்த இரவுகள். அவர் சிரித்தார். "அங்கிள், நாயை விடத் தேவையில்லை. நீங்கள் அதைப் பிடிக்கிற விதத்தைத்தான் மாத்த வேணும். நடக்காமல் விட்டால் இன்னும் இறுகும்."

பழைய செய்தியாளனின் புத்தி, எதையும் இரண்டாவது மூலத்தில் சரிபார்க்காமல் விடாது. வீட்டுக்கு வந்து தேடினேன். முதுகுவலி சிறிதும் இல்லாதவர்களைப் படமெடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரையொன்றின்படி, இருபது வயதினரில் 37 வீதமானவர்களுக்கும் எண்பது வயதினரில் 96 வீதமானவர்களுக்கும் இடைத்தட்டுத் தேய்வு காணப்பட்டது. என்னைப் படுக்கையில் வீழ்த்திய அந்த வாசகம் தலைநரை போன்றதுதான். படுக்கை ஓய்வைப் பற்றி 1986இலேயே அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கின்றார்கள். ஏழு நாட்கள் படுக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இரண்டு நாட்கள் படுக்கச் சொல்லப்பட்டவர்கள் குறைந்த வேலைநாட்களையே இழந்தார்கள். நாட்பட்ட முதுகுவலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியோ இடுப்புப்பட்டியைப் பரிந்துரைக்கவில்லை. எனது பட்டி இப்போது அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றது. விலை உயர்ந்த பட்டி.

அந்த ஆண்டு ஜூனில் மகள் ஒரு செய்தியை அனுப்பினாள். சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தினர், முதுகுவலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரைக்கொண்டு நடத்திய ஆய்வு. பிசியோதெரபிஸ்டின் ஆலோசனையுடன் நடைப்பழக்கத்தைப் படிப்படியாகக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பிவர நடுத்தரமாக 208 நாட்கள் சென்றன. மற்றவர்களுக்கு 112 நாட்கள். வாரத்தில் ஐந்து நாட்கள், அரைமணிநேர நடை என்பது இலக்கு. செய்தியின் கீழே, "பிரவுணிக்கும் வாசித்துக் காட்டுங்கோ" என்று எழுதியிருந்தாள்.

இனி, நான் மாற்றிக்கொண்டவற்றைச் சொல்கின்றேன். இடைத்தட்டுகள் இரவில் நீரை உறிஞ்சிச் சற்றுப் பருத்திருக்கும். அதனால் எழுந்த முதல் ஒரு மணிநேரத்துக்குள் ஆழக் குனிவது நாரிக்கு ஆகாது. நானோ எழுந்தவுடனேயே தரைவரை குனிந்து கழுத்துப்பட்டியை மாட்டுபவன். இப்போது ஒரு கையால் மேசையைப் பற்றி, ஒரு முழங்காலை ஊன்றி, நாயின் உயரத்துக்கு இறங்குகின்றேன். அதற்கு முன்னர் படுக்கையிலேயே முழங்கால்களை மடித்து இரு பக்கமும் மெல்லச் சாய்ப்பது பத்துத் தடவை, இடுப்பை உயர்த்தி இறக்குவது பத்துத் தடவை. விறைப்பு அதிகமான நாட்களில் வெந்நீர்ப் பையைச் சிறிது நேரம் வைத்துக்கொள்வேன். மனைவி தவிட்டு ஒத்தடத்தையே விரும்புகிறார். சூடு எதிலிருந்து வந்தாலென்ன?

இரும்புச் சங்கிலியும் கழுத்துப்பட்டியும் போயின. நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டி வந்தது. அதன் வளையம் நெஞ்சின் முன்பக்கத்தில் இருப்பதால், நாய் பாய்ந்தால் தானே பக்கவாட்டில் திரும்பிவிடுகின்றது, எனது நாரி திரும்புவதில்லை. இரண்டு மீற்றர் நீளமான துணிவார். கையில் சுற்றுவதில்லை, முழங்கை இடுப்போடு ஒட்டியிருக்க வேண்டும். போகும்போது இடது கை, வரும்போது வலது கை. நாய் இழுத்தால் எதிர்த்து இழுக்காமல் நின்றுவிட வேண்டும், வார் தளர்ந்த பின்னரே அடுத்த அடி. இதைப் பிரவுணி விளங்கிக்கொள்ள மூன்று வாரங்கள் சென்றன. நான் விளங்கிக்கொள்ள அதைவிடச் சற்று அதிகம்.

முதல் வாரம் பத்து நிமிடம் மாத்திரமே நடந்தேன், செருப்பின்றிச் சப்பாத்துடன். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் கூட்டினேன். நாயுடன் நடப்பதில் ஓர் இடர் உண்டு. அது மணந்து பார்ப்பதற்காக அடிக்கொரு தடவை நிற்கும். தொடர்ந்து நடக்கையில் வராத வலி இந்த நிற்றலில் வந்துவிடும். ஆதலால் முதற் பத்து நிமிடங்களை அதன் மூக்குக்கு விட்டுவிட்டேன். அது மதிலை ஆராயும்வரை நான் கால் மாற்றி நிற்பேன், நின்ற இடத்திலேயே அடியெடுத்து வைப்பேன். பின்னர் வரும் இருபது நிமிடங்கள் எனக்குரியவை. அள்ளும்போது ஒரு காலைப் பின்னே வைத்து, மற்ற முழங்காலை மடித்து, மதிலில் கையூன்றி இறங்குகின்றேன். தாள் மாத்திரம் பழைய பத்திரிகைதான்.

வலி முற்றாகப் போய்விட்டதென்று எழுதினால் அது பொய்ச்செய்தியாகும். சென்ற ஆண்டு மாரியில் ஒரு வாரம் மீண்டும் பிடித்தது. அம்முறை படுக்கவில்லை. வாசல்வரை, பின்னர் ஒழுங்கை முனைவரை, பின்னர் கடற்கரைவரை என்று நடந்தேன். எட்டாம் நாள் வழமைக்குத் திரும்பினேன். எழுதும்போதும் அரைமணிக்கொரு தடவை கதிரையை விட்டு எழுகின்றேன். இந்தக் கட்டுரைக்கு ஒன்பது தடவை எழுந்தாயிற்று.

பிரவுணிக்கும் இப்போது வயது பத்தாகிவிட்டது. பின்னங்கால் மூட்டுகளில் தேய்வு என்றார் மிருக வைத்தியர். நீண்ட நடையைக் குறைத்து, சிறு நடைகளாகப் பிரித்து, தினமும் நடத்துங்கள் என்றார். எங்கேயோ கேட்ட ஆலோசனையாக இருந்தது. காலையில் அது எழும்போது முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையளவுக்குத் தாழ்த்தி, சோம்பல் முறிக்கும். அதற்கு எவரும் பயிற்சி சொல்லிக்கொடுக்கவில்லை. காகம் இறங்கினால் இப்போது தலையைத் திருப்பிப் பார்ப்பதோடு சரி.

வத்தளை நண்பர் கடந்த மாதம் தொலைபேசியில் அழைத்தார். வளவில் நாய்க்கூடு இன்னமும் சும்மா கிடக்கின்றது, எப்போது கொண்டுவருகின்றீர்கள் என்று கேட்டாராம். நான் குளியலறையில் இருந்தேன். மனைவிதான் பதில் சொன்னார்.

"அவை ரெண்டுபேரும் இப்பதான் நடந்திட்டு வந்திருக்கினம். நீங்கள் வேறை ஒண்டைப் பாருங்கோ."