நாலு டிஸ்க்கில் ஒரு தோட்டம்

"கொழுந்தைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. அந்தக் கொழுந்துக் கணக்கைக் காப்பாத்துற ஆளைப் போய்ப் பாருங்க" என்று ஹற்றன் நண்பர் ஒருவர் அனுப்பிவைத்தார். அந்த ஆள் ஓர் இளைஞர். அப்படித்தான் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஒபீஸ் ஒன்றுக்கு அவரோடு போனேன்.

அங்கே பழைய சேர்வரின் மதர்போர்ட் சாகக் கிடந்தது. அதிலிருந்த நாலு டிஸ்க்குகளை, எதுவும் அழியாமல், புதிய சேர்வருக்கு மாற்ற வேண்டும். உள்ளே இருப்பது செக்ரோல்: யாருக்கு எந்த நாள் முழுப் பேர் (முழுநாள் கூலி), யாருக்கு அரைப் பேர், எத்தனை கிலோ கொழுந்து, சேமலாப நிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்ற கணக்கு.

முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் முழுப் பிரதி எடுத்தார். அடுத்து 'எக்ஸ்போர்ட்' கட்டளை. பழைய இயந்திரம் டிஸ்க்குகள் மீதுள்ள பிடியை முறைப்படி விட்டுவிடுகிறது. திரையில் ஓடிய மற்ற வரிகள் எனக்கு விளங்கவில்லை. விளங்கியது அவர் கையிலிருந்த வெள்ளை பிளாஸ்டரும் பேனாவும்தான். டிஸ்க்கைக் கழற்றக் கழற்ற, அதன் தொடர் இலக்கத்தின் கடைசி நாலு எழுத்தை எழுதி நெற்றியில் ஒட்டினார்.

"வரிசை மாறிட்டா?" என்றேன்.

"மாறினாலும் பரவாயில்லைங்க சேர். இது இசட்எஃப்எஸ். எந்தத் தொகுதியைச் சேர்ந்தோம்னு டிஸ்க்கே எழுதி வச்சிருக்கும். முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு, மொத்தம் நாலு பிரதி. பிளாஸ்டர் எனக்காக. நாளைக்கு ஒண்ணு பழுதானா நல்லதைப் புடுங்கிடக் கூடாதில்லையா?"

இசட்எஃப்எஸ், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் மூலநிரலைத் திறந்துவிட்ட கோப்பு முறைமை. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். மாறாக, பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டியாளும் ரெயிட் கார்டை நம்பிய சேர்வரில் கார்ட் செத்தால், பெரும்பாலும் அதே இனத்துக் கார்ட் தேடி அலைய வேண்டும். அந்த அலைச்சலில்தான் தரகருக்குப் பிழைப்பு. இங்கேயும் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து, டிஸ்க்கும் புதிது வேண்டும், தரவை மீட்கத் தனிக் கட்டணம் என்று விலை எழுதிக் கொடுத்திருந்தார். நாட்சம்பளம் 1,000 ரூபாயாவதற்கு 2021 வரை போராடிய ஊர் இது. மலையின் கூலியைக் கூட்டச் சொன்னால் கையை விரிக்கும் கொம்பனிகள், தரகர் நீட்டும் பில்லுக்கு மட்டும் பேரம் பேசுவதில்லை.

புதிய பெட்டி 'இம்போர்ட்' செய்து முடித்ததும், ஒவ்வொரு துண்டுத் தரவையும் சரிபார்க்கும் 'ஸ்க்ரப்' ஓடத் தொடங்கியது. அதற்குப் பல மணி நேரம் ஆகும். பெரிய கிளாக்கர் தேத்தண்ணி கொடுத்தார். அப்போதுதான் இளைஞர் தன் கதையைச் சொன்னார்.

அப்பா கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியைக் கத்தரிப்பவர். ஓய்வு பெற்றபோது அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் வேறொரு பெயர். நடுவில் சில வருடப் புத்தகங்களைக் காணோம். தொழில் திணைக்களத்துக்கு நடையாய் நடந்தார். "அவருக்கு எழுத்துத் தெரியாது. வேலை செஞ்சதுக்கு அந்தப் புத்தகந்தான் சாட்சி. சாட்சி ஒபீசோட தொலைஞ்சிருச்சு."

மலையகத்துக்கு இது பழைய காயம். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டது. 1949 சட்டம் தொடர்ந்து ஏழோ பத்தோ வருடம் இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. காகிதம் இல்லாதவர்கள் நாடற்றவர்களானார்கள். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கொம்பனிகளிடம் போனது. துரைமார் மாற மாற, சனங்களின் கணக்கும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

ஸ்க்ரப் பிழையின்றி முடிந்தது. 'அப்கிரேட் செய்யலாம்' என்று திரை யோசனை சொன்னது. இளைஞர் தொடவில்லை. "செஞ்சா பழைய பெட்டி இந்த டிஸ்க்குகளை ஏத்துக்காமப் போகலாம். புதுசு ஒரு மாசம் ஒழுங்கா ஓடட்டும்."

தொழிலாளிகளுக்கு அவரவர் பக்கத்தை அச்சடித்துக் கொடுப்பீர்களா என்று கிளாக்கரிடம் கேட்டேன். "கேட்டா குடுப்போம் சேர்" என்றார். இளைஞர் சிரித்தார்: "எங்கப்பாவுக்குக் கேக்கலாம்னே தெரியாது."

ஒரு டிஸ்க் தான் யாரென்பதை நாலு இடத்தில் எழுதி வைத்திருக்கிறது. முப்பது வருடம் மலையேறிய மனுசிக்குத் தன் உழைப்பின் கணக்கு ஒரு பிரதியாவது கையில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தாள், கேட்காமலே, லயத்துக்கு வர வேண்டும். அதற்குப் புதுச் சேர்வர் தேவையில்லை; ஒபீசிலுள்ள பழைய பிரின்டரே போதும்.