ஒரு வரியின் குறை

பிழை செய்யாத மாந்தர் உலகில் இலர். ஆயினும் ஒருவன் பிழை பல குடும்பங்களைத் தாக்குமாயின், அதனைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் கடமையாம் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

எனது ஊர் கூடுவாஞ்சேரி. சென்ற கோடை விடுமுறையில், எங்கள் திருச்சபையின் குடும்பப் பதிவேட்டைத் திருத்தும் பணியை ஆயர் என்னிடம் ஒப்புவித்தார். என் பாட்டனார் பேரேட்டில் எழுதிவந்த அப்பதிவேடு, சில ஆண்டுகளாகக் கணிப்பொறியில் அட்டவணையாய் அமைந்துள்ளது. ஊரப்பாக்கத்தினின்று எம்மூர்க்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தாரின் முகவரியை மாற்றவேண்டியிருந்தது. 'முகவரியை இவ்வாறு மாற்றுக' என்று கட்டளை எழுதினேன்; 'இன்ன எண்ணுடைய குடும்பத்திற்கு மட்டும்' என்னும் வரம்பு வரியை மறந்தேன். இமைப்பொழுதில் 412 குடும்பங்களும் ஒரே வீட்டிற் குடியேறின! முன்னதாகப் படியெடுத்தும் வைத்திலேன்.

மறைத்துவிடலாமென்றே மனம் முதலில் தூண்டிற்று. உறக்கமின்றி இரவைக் கழித்து, விடிந்ததும் ஆயரிடம் உண்மை உரைத்தேன். அவர் சினவாது, "தம்பி, உன் பாட்டனாரின் பேரேடு அலமாரியில் இருக்கிறது" என்றார்.

அப்பேரேட்டைப் புரட்டியபோது நாணினேன். பாட்டனார் ஒரு சொல்லையேனும் சுரண்டி அழித்திலர். பழையதன்மேல் ஒரு கோடிட்டு, அருகே திருத்தத்தையும் தேதியையும் குறித்திருந்தார். ஏடுகளை ஒப்புநோக்கிய உ. வே. சாமிநாதையரும், தாம் கொள்ளாத பாடத்தையும் பிரதிபேதமாகக் குறித்துவைத்தாரன்றோ? திருத்துதல் வேறு, அழித்தல் வேறு.

நிற்க. 1970இல் எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்த உறவுமுறைத் தரவுத்தளத்தில் இத்தகைய காவல்கள் இல்லாமலில்லை. மாற்றுமுன், அதே வரம்பை இட்டு, எத்தனை நிரைகள் அகப்படுகின்றன என்று பார்த்தல் முதலாவது. பெயரை நம்பாது தனியெண்ணை நம்புதல் இரண்டாவது. எங்கள் சபையில் ஞானம்மாள் என்பார் மூவர் உளர். மாற்றத்தைத் தற்காலிகமாகச் செய்து, எண்ணிக்கை ஒத்தால் உறுதிசெய்தல், ஒவ்வாதாயின் மீட்டல் மூன்றாவது. ஒரு செய்தியை ஓரிடத்திலேயே எழுதிவைத்தல் நான்காவது. 2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமானபோது, எங்கள் அட்டவணையில் வீடுதோறும் 'காஞ்சிபுரம்' என்றிருந்தமையால், சில திருந்தின, சில திருந்தாதொழிந்தன. ஊருக்கு ஒருமுறை மட்டும் எழுதியிருப்பின் அம்முரண் தோன்றியிராது.

பேரேட்டின் துணையாலும், வீடுவீடாய் நடந்தும், நான்கு வாரங்களில் 410 முகவரிகளை மீட்டேன். எஞ்சியது ஒன்று. சபையின் மாத உதவி பெற்றுவந்த கைம்பெண் ஒருவர், மகள் வீட்டிற்குச் சென்றுவிட்டார். அவ்வூரை அறிந்தது அவ்வட்டவணை ஒன்றே. ஊகித்து எழுத மனம் ஒப்பவில்லை. அறியாததை அறிந்ததுபோல் எழுதுதலினும் வெற்றிடமாய் விடுதல் நேர்மை. அவருடைய நிரை இன்றும் வெறுமையாயுள்ளது. விடுமுறைதோறும் அவரைத் தேடுகிறேன்.