எங்கள் வீட்டுக்கு எந்தக் கைப்பேசி?

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் இருக்கும் நடுவட்டம்தான் எங்கள் ஊர். தீபாவளிக்கு அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் போனஸ் கிடைத்ததும், உயர்தர பிராசஸர் உள்ள கைப்பேசியே வேண்டுமென அண்ணன் அடம்பிடித்தான். தங்கையும் நானும் அவன் கட்சி.

“அதை வைத்து என்னடி செய்வீர்கள்?” என்று அம்மா கேட்டார்கள். வாட்ஸ்அப், பாடக் காணொளி, மாமாவுடன் பேச்சு. இவற்றைத் தவிர எங்களால் எதுவும் சொல்ல முடியவில்லை. 2021-இல் வந்த ஜியோபோன் நெக்ஸ்டில் இருப்பது எளிய ஸ்னாப்டிராகன் 215. பக்கத்து வீட்டு அக்கா அதிலேயே இத்தனையும் செய்கிறார்கள், சற்று மெதுவாக. பெரிய விளையாட்டுகளுக்குத்தான் அந்த வேகமெல்லாம். (அண்ணனின் ஆசையும் அதுவே!) மழையில் மின்சாரம் போய் டவரும் ஓய்ந்துவிட்டால் எல்லா பிராசஸரும் ஒன்றுதான்.

விலை குறைந்ததையே வாங்கினோம். மீதிப் பணத்தில் அம்மாவுக்கு மழைக்கோட்டு. பழையது தோளில் கிழிந்திருந்ததை அன்றுதான் கவனித்தோம். அண்ணன் இரண்டு நாள் எங்களுடன் பேசவில்லை.