ஏர்கோன் சுவரின் மறுபக்கம்

கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவைச் சுற்றியுள்ள தாமான்களில் குளியலறைப் பூசணம் என்று யார் கூப்பிட்டாலும், முதலில் பக்கத்து அறைக்குத்தான் போவேன். ஏர்கோன் எங்கே மாட்டியிருக்கிறது, வீட்டில் யார் யாருக்கு எந்த ஷிப்ட் என்று தெரியவேண்டும்.

காற்று 30 டிகிரியில், ஈரப்பதம் 80 விழுக்காட்டில் இருந்தால், 26 டிகிரிக்குக் குளிர்ந்த எதுவும் வேர்த்துவிடும். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் ஏர்கோனை 18இல் வைத்துப் பகலெல்லாம் தூங்குகிறார். ஒற்றைச் செங்கல் சுவர் அந்தக் குளிரை மறுபக்கம் கடத்துகிறது. அங்கே குளியலறையில் இன்னொருவர் ஹீட்டர் போட்டுக் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பியிருப்பார். டைல்ஸ் முடிந்து பெயிண்ட் தொடங்கும் இடத்தில் கையை வைத்தால் சில்லென்று ஈரம். மற்ற மூன்று சுவர்களும் சுத்தமாக இருக்க, அந்த ஒன்றில் மட்டும் கருப்புப் புள்ளிகள். அது காய்வதற்குள் அடுத்த ஷிப்ட்காரர் குளிக்க வந்துவிடுகிறார்.

முன்பு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், குளிக்கும் இடம் பின்னால் தனியாக இருந்தது. தரையில் பாசி வழுக்கும், ஆனால் வெயிலும் காற்றும் பட்டதால் சுவர் கறுக்கவில்லை. பிறகு 1996இல் பூங்கா திறந்தது. இங்கே சிப் செய்யும் ஆலைகளில் ஈரப்பதத்தை இரவும் பகலும் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளின் வாடகை வீட்டில்தான் ஜன்னலே இல்லாத குளியலறை!

"போன மாசந்தானே அண்ணே பெயிண்ட் அடிச்சோம்?" என்பார்கள். ஈரத்தின் மேல் அடித்த பெயிண்ட் பூசணத்துக்குச் சோறு. குளோராக்ஸ் டைல்ஸுக்குச் சரி. சிலிங் பலகையில் ஊறியிருந்தால் நிறம்தான் வெளுக்கும். பலகையை மாற்றியே ஆகவேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு குளோராக்ஸைக் கலப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். கிளம்புவது குளோரின் வாயு, அதுவும் மூடிய அறையில்.

சிலிங்கில் பழுப்பு வளையம் தெரிந்தால் கதை வேறு, மேலே எங்கோ ஒழுகுகிறது. சுவரில் சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விடுவேன். தாளுக்குப் பின்னால் ஈரம் என்றால் சுவருக்குள் கசிவு. முன்னால் என்றால் காற்றின் ஈரம். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தாலும் ஏணி போட்டுப் பார்க்கவேண்டும். பல வீடுகளில் அதன் குழாய் வெளியே போகாமல் சிலிங்குக்கு மேலேயே நீராவியைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

ஏர்கோனை 25இல் வையுங்கள், குளித்ததும் சுவரை வழித்துவிட்டுக் கதவைத் திறந்து ஃபேனை ஓடவிடுங்கள் என்றால் தலையாட்டுவார்கள். சண்டை வருவது சிலிக்கோனில். ஓரத்துச் சிலிக்கோனைக் கத்தியால் கீறி உரித்தால் பின்பக்கம் முழுக்கக் கருப்பாக இருக்கும், தேய்த்துப் போகாது. புதிதாக வைத்தால் ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. மூன்று ஷிப்ட் வீட்டில் அந்த ஒரு நாளை வாங்குவதற்குத்தான், கூலி பேசுவதைவிட அதிக நேரம் பேசவேண்டியிருக்கிறது.