நடையில் ஒரு மேசை

தமிழில் 'நடை' என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தங்கள். கால் நடப்பது ஒன்று. எழுதுகிறவனுடைய பாணி ஒன்று. தெருக்கதவைத் தாண்டியதும் கூடத்துக்கு முன்னால் வரும் குறுகலான இடம் மூன்றாவது. 1968இல் சேலத்திலிருந்து சி. மணியும் நண்பர்களும் 'நடை' என்று ஒரு பத்திரிகை கொண்டுவந்தார்கள். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் இரண்டு அர்த்தங்களோடு நின்றுவிடுகிறார்கள். நான் மூன்றாவதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. காரணம், அந்த நடையில் இப்போது ஒரு மேசை வந்து நிற்கிறது.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சமீபத்தில் எழும்பிய வீடுகளுக்குள் போய் வந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். சுமார் இரண்டரை அடி உயரம், ஒரு அடிக்குச் சற்று மேல் அகலம், மூன்று அல்லது நான்கடி நீளம். மேலே சுவரில் ஒரு கண்ணாடி. மேசைமேல் இருப்பவற்றுக்கு ஒரு இலக்கணம் உண்டு. உயரமானது ஒன்று, நடுத்தரம் ஒன்று, தாழ்ந்தது ஒன்று. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் விளக்கு, இன்னொரு ஓரத்தில் சாவி போட ஒரு தட்டு. மிச்ச இடம் காலியாக விடப்பட வேண்டும். இது எங்கோ வகுக்கப்பட்டுக் கைப்பேசி வழியாக உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த இலக்கணம். பாகூரில் மாறுவது பெயர்ச்சொற்கள் மட்டும்தான். விளக்குக்குப் பதில் பித்தளைக் குத்துவிளக்கு, தட்டுக்குப் பதில் பூ மிதக்கும் உருளி, சிற்பத்துக்குப் பதில் வில்லியனூர்ச் சுடுமண் குதிரை. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குதிரைக்கு அது தெரியாது. ஐயனாருக்கு முன்னால் வெயிலில் நிற்க வேண்டிய பிராணி, முக்காலடியாகக் குறுகி, ஊதுவத்திப் பெட்டிக்கும் பிளாஸ்டிக் தாமரைக்கும் நடுவில் நிற்கிறது.

பரிகாசம் செய்வது சுலபம். பரிகாசத்தோடு நின்றுவிட்டால் வியாபாரப் பத்திரிகை துணுக்குக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. மேசை எதனுடைய இடத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

வங்கியில் வீட்டுக் கடன் மனுக்களைச் சரிபார்த்துக் கட்டி வைப்பது என் வேலையில் ஒரு பகுதி. மனுவோடு வரும் வரைபடங்களில் 'போர்டிகோ' இருக்கிறது, 'சிட்-அவுட்' இருக்கிறது, 'ஃபாயர்' இருக்கிறது. 'திண்ணை' என்ற சொல்லை இத்தனை வருஷத்தில் ஒரு வரைபடத்திலும் நான் படித்ததில்லை. கார் நிற்பதற்குத் தாராளமாக ஒதுக்கியிருப்பார்கள். ஆள் உட்காருவதற்கு ஒதுக்கியிருக்கும் 'சிட்-அவுட்'டில் ஷூ ஸ்டாண்டும் தண்ணீர் கேனும் உட்கார்ந்திருக்கும்.

புதுச்சேரித் தமிழ் வீட்டின் முகப்பு இரண்டு அடுக்குகளாக இருந்தது. தெருவை ஒட்டி, மரத்தூண்கள் தாங்கும் சரிவுக் கூரையோடு தாழ்வாரம்; அது நடந்துபோகிற யாருக்கும் பொது. அதற்கு உட்புறம், கதவின் இரு பக்கமும் திண்ணை. அது வீட்டுக்காரனுடையது, ஆனால் உட்காருவதற்கு அவனைக் கேட்க வேண்டியதில்லை. தெரு சட்டென்று முடிந்து வீடு சட்டென்று தொடங்காமல், ஒன்று மற்றொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறிய கட்டடமுறை அது. நகரத்தில் கல்வே சுப்பராய செட்டி வீதியில் இத்தகைய முகப்புகளைப் புதுப்பித்தார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் அதற்குக் கிடைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் இன்று அங்கே போகிறவன் திண்ணையைப் படம் எடுக்கிறான், அதில் உட்காருவதில்லை. ஒரு விதத்தில் அந்தத் தெருவே புதுச்சேரியின் வாசல் மேசை ஆகிவிட்டது.

கிராமத்தில் திண்ணை போனதற்கு நாகரிக மோகம்தான் காரணம் என்று சொல்வது சோம்பேறித்தனம். ஸ்தூலமான காரணங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே போடுகிறார்கள். தெரு உயர உயரத் திண்ணை இறங்கியது. இடுப்பளவு இருந்தது முழங்காலளவாகி, மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் வந்து படுத்துக்கொள்ளும் இடமாயிற்று. ஓட்டுக்கூரை போய்த் தளம் வந்ததும் திண்ணைக்கு நிழல் கொடுத்த தாழ்ந்த இறவாணம் போயிற்று. மனையைக் கூறு போட்டதும் முன்பக்கம் சுருங்கிற்று. மோட்டார் சைக்கிள் வந்தது, அது களவுபோகாமல் இருக்கக் கிரில் கேட் வந்தது. இத்தனைக்கும் பிறகு மிஞ்சிய மூன்றடியில்தான் மேசை நிற்கிறது.

திண்ணைக்காக அழுகிறவர்களோடு சேர்ந்து அழவும் எனக்கு முடியவில்லை. வழிப்போக்கனுக்கு இடம் கொடுத்தது திண்ணை என்கிறார்கள். எந்த வழிப்போக்கனுக்கு? திண்ணையோடு நிற்க வேண்டியவர்கள் யார், திண்ணைக்கு முன்னாலேயே தெருவில் நிற்க வேண்டியவர்கள் யார், அந்தத் தெருவுக்குள்ளேயே வரக்கூடாதவர்கள் யார் என்பது ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரியும். உபசாரத்துக்கான மேடையாக இருந்தது போலவே அது ஆள் தரம் பிரிக்கும் மேடையாகவும் இருந்தது. கிரில் கேட் எல்லோரையும் சமமாக வெளியே நிறுத்துகிறது என்று ஒருவர் வாதிட்டால் உடனே மறுத்துவிட முடியாது. சமத்துவம் இந்த வழியாகவா வரவேண்டும் என்று வேண்டுமானால் கேட்கலாம்.

கடைக்காரர்கள் இந்த மேசையைக் 'கன்சோல்' என்கிறார்கள். பிரெஞ்சுச் சொல். கட்டடக்கலையில் அது சுவரிலிருந்து நீண்டு மேலே உள்ளதைத் தாங்கும் தண்டயத்தைக் குறிக்கும். அதிலிருந்துதான் மேசைக்குப் பெயர் வந்தது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் பிரெஞ்சு மாளிகைகளில் இந்த மேசைக்கு முன்பக்கத்தில் மட்டும்தான் கால்கள். பின்பக்கத்தைச் சுவரில் பொருத்திவிடுவார்கள். மேலே பெரிய கண்ணாடி. அதில் சாப்பிட முடியாது, எழுத முடியாது. உட்கார அதன்முன் நாற்காலி கிடையாது. சுவரும் பார்வையாளனும் இல்லாவிட்டால் அதற்கு இருப்பே கிடையாது. முழுக்க முழுக்கப் பார்க்கப்படுவதற்காகப் பிறந்த மேசை. கொம்யூன் என்பதும் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல்தான். 1880இல் இங்கே கொம்யூன்களை ஏற்படுத்தினார்கள். 1954இல் அவர்கள் ஆட்சி போன பிறகும், 1962இல் சட்டப்படி கைமாறிய பிறகும், கொம்யூன் பஞ்சாயத்து என்று அந்தச் சொல் நம் வரி ரசீதில் இருக்கிறது. அதன் வேரில் உள்ள அர்த்தம் 'பொது'. பொது என்ற சொல் ரசீதில் இருக்க, கன்சோல் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

நம்மிடமும் ஒரு மேசை இருந்தது. அது சுவரைச் சாராதது. சாலையோரங்களில் இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு பலகைக்கல் போட்டிருப்பார்கள்: சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைக்கவும், மறுபடி தலைக்கு மாற்றிக்கொள்ளவும் தோதான உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் கன்சோல் மேசையின் உருவமேதான். ஆனால் அதன்மேல் எதுவும் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அதன் பிரயோஜனம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக, ஊரார் சுமையை இறக்க ஒரு கல். இதைவிடக் கறாரான படிமத்தை நம் புதுக்கவிதையில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அலங்காரம் என்ற விஷயத்துக்கு இங்கே வரவேண்டும். வியன்னாவின் அடால்ஃப் லூஸ், அலங்காரம் வீணாகும் உழைப்பு, நாகரிகம் முதிர முதிர அது உதிர வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதாடினார். அந்தக் கட்டுரை 1913இல் பிரெஞ்சில் வெளியாயிற்று. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1939இல் அலங்காரம் பற்றி எழுதிய கட்டுரை நேரெதிரான இடத்திலிருந்து தொடங்குகிறது. 'அலம்' என்றால் போதும். அலங்காரம் என்பது போதுமானதாக ஆக்குவது; ஒரு பொருள் தன் காரியத்தைச் செய்யத் தேவையானதை அதற்குக் கொடுப்பது. மேலே ஒட்டவைக்கும் அழகு என்ற அர்த்தம் பின்னால் வந்த சீரழிவு. லூஸுக்கும் குமாரசுவாமிக்கும் பொதுவான எதிரி ஒருவன்தான்: காரியமில்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பது. புதுச்சேரியிலேயே கோல்கோண்டு விடுதி நிற்கிறது. 1930களின் பிற்பகுதியில் அன்டோனின் ரேமண்டின் வடிவமைப்பில் கட்டத் தொடங்கியது. களத்தில் நின்று வேலை பார்த்தவர், பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான்களுக்காகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நகாஷிமா. காற்று நுழைவதற்காக முகப்பு முழுக்க அசையும் கான்கிரீட் தகடுகள். அந்தத் தகடுகள்தான் அதன் அலங்காரம். வேறு கிடையாது.

ஜப்பானிய வீட்டில் விருந்தினர் அறையில் 'தொக்கொனோமா' என்று ஒரு மாடம் உண்டு. ஒரு தொங்குசித்திரம், ஒரு பூ, அவ்வளவுதான். பிரதான விருந்தாளியை அதற்கு முதுகு காட்டித்தான் உட்கார வைப்பார்கள். அவன் பார்த்து வியக்க வேண்டும் என்று வைத்ததாக ஆகிவிடக் கூடாது. பூ அவனுக்குப் பின்னால் இருந்து அவனைக் கௌரவிக்கிறது. நம் வாசல் மேசையோ கதவைத் திறந்ததுமே வருகிறவன் முகத்தில் அறைகிறது. கண்ணாடி இருப்பதால் அவன் முகத்தையே அவனுக்குக் காட்டி அறைகிறது.

இதைச் சொல்லும்போது எனக்கு வந்து சேரும் கவிதைத் தொகுதிகள் நினைவுக்கு வருகின்றன. ஒரு நீளமான வரி, ஒரு நடுத்தர வரி, தனியாக நிற்கும் ஒரு சொல். நடுவில் நிறைய வெற்றிடம். ஒரு மழை, ஒரு பறவை, கடைசியில் வாசகன் தன்னைப் பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடி. சுவரில் சாய்த்தால் நிற்கும். எடுத்து நடுவீட்டில் போட்டால் விழுந்துவிடும். எதையும் அதன்மேல் இறக்கி வைக்க முடியாது. புதுக்கவிதை அணிகளைக் கழற்றி எறிந்துவிட்டது என்று நாம் சொல்லிக்கொண்டு வருகிறோம். கழற்றியவற்றை வாசலில் ஒரு மேசை போட்டு அடுக்கி வைத்திருக்கிறோமோ என்பது என் சந்தேகம்.

இவ்வளவு யோசித்த பிறகும் என் வீட்டு வாசலில் ஒரு மேசை இருக்கிறது. பள்ளியில் வேலை பார்க்கும் என் மனைவி தன் சம்பளத்தில் வாங்கியது. அதே சமயம், பாகூர் பக்கம் நெல் பயிரிட்டுக்கொண்டிருந்த என் அப்பா, முழங்கால் முடியாமல் எங்களோடு வில்லியனூருக்கு வந்திருந்தார். செருப்பைக் கழற்ற அவருக்கு ஓரிடத்தில் உட்கார வேண்டும். உட்காரக்கூடிய ஒரே இடம் மேசை நிற்கிற இடம். மேசையை எடுத்துவிட்டுச் சுவரோரம் ஒரு பெஞ்சு போடலாம் என்றேன். திண்ணை, தாழ்வாரம், வழிப்போக்கன் என்று மேலே எழுதியதில் பாதியை அப்போது பேசியும் காட்டினேன்.

அவள் கேட்டாள்: "ஏங்க, உங்க ஊர் திண்ணையில பொம்பள யாராவது உக்காந்து பார்த்திருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். தலைவாசலில் காலையில் கோலம் போடக் குனிந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் கோலம் மிதிபட்டுப் போகும். ஆண்கள் யாரும் இல்லாத பிற்பகலில் இரண்டு கிழவிகள் திண்ணை ஓரத்தில் ஒண்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தாத்தா இருமிக்கொண்டே வந்தால் எழுந்துவிடுவார்கள். பெண்களின் திண்ணை கொல்லைப்புறத்தில், அம்மிக்குப் பக்கத்தில் இருந்தது. தெருவைப் பார்த்து ஒரு பெண்ணின் பெயரில் நிலையாக இருந்தது சுமைதாங்கிதான். அதற்கு அவள் சாக வேண்டியிருந்தது.

ஆக வீட்டின் முகப்பில் தன் இஷ்டப்படி ஒரு பொருளை எடுத்து வைத்து, அது மறுநாளும் அங்கேயே இருக்கும் என்று ஒரு பெண் எதிர்பார்க்க முடிவது இந்த மேசையில்தான். மூன்று உயரம், ஒற்றைப்படை என்கிற இரவல் இலக்கணம் எனக்கு இன்னும் அபத்தமாகத்தான் படுகிறது. ஆனால் இரவல் இலக்கணத்தில் முதல் வாக்கியம் பேசுகிறவளைப் பிழை திருத்துவது விமர்சகன் வேலையா என்று தெரியவில்லை.

மேசையை அவள் எடுக்கவில்லை. அதன் அடியில் நுழைகிற உயரத்தில் ஒரு கனத்த மர ஸ்டூல் வாங்கிப் போட்டாள். அப்பா அதை இழுத்து உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவார். எழுந்திருக்கும்போது மேசையின் வலது ஓரத்தில் கையை ஊன்றுவார். முதல் வாரம் குதிரை ஆட்டம் கண்டது, அதை இடது பக்கம் மாற்றினாள். கால்கள் பின்னாலும் இருந்த மேசை என்பதால் ஊன்றுவதற்குத் தாங்கிற்று. ஆடாமலிருக்கத் தச்சரை வைத்து இரண்டு எல்-பட்டை அடித்துச் சுவரோடு இறுக்கினோம். உருளி இரண்டு நாள் தண்ணீர் மாற்றாததில் கொசு வந்து, உள்ளே போயிற்று. அந்த இடத்துக்கு மின்சார பில், அப்பாவின் மாத்திரை டப்பா, பாண்லே பால் வாங்கிய சில்லறை எல்லாம் வந்தன. அவள் வாரத்துக்கு ஒரு முறை ஒழுங்கு செய்கிறாள். வலது ஓரம் மட்டும் எப்போதும் காலி. குமாரசுவாமியின் அர்த்தத்தில் இப்போது அது அலங்கரிக்கப்பட்ட மேசை என்று சொல்லலாம்.

இதை ஒரு தீர்வு என்று சொல்லிவிட எனக்கு மனம் இல்லை. இது வீட்டுக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. மீன் கூடை சுமந்து தெருவில் வருகிற அம்மாள் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுக்கிறாள். கூடையை இறக்க வேண்டுமென்றால் இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும்.